ஐந்தில் ஒன்று பொய்

சனிக்கிழமை இரண்டு மணிக்கு முன்னால்
ஹுட்வில்லில் யாரும் சுடக்கூடாது.
ஊரின் மத்தியானத் தூக்கம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.
தகரக் கூரைக்குக் கீழே காத்திருக்கிறோம்,
நானும், கூரை வேயும் பெயாட் நீடர்ஹவுசரும்,
வேலிக்கு அப்பால் அசைபோடும் ஏழு மாடுகளும்.
மாடுகளுக்குப் பழகிவிட்டது.

இரண்டு மணி.
பெயாட் முதுகைத் திருப்பிக்கொண்டு
என் ரவைக்கூட்டை நிரப்புகிறான்.
நான்கு உண்மை, ஒன்று பொய்:
சிவப்பு பிளாஸ்டிக், உள்ளே மருந்தில்லை.
எத்தனையாவது என்று சொல்லமாட்டான்.

இருபத்தைந்து மீட்டரில் கறுப்பு வட்டம்.
அதைப் பார்க்கக் கூடாது.
பார்க்கவேண்டியது முன்குறியின் சின்னக் கட்டையை,
அதற்கு இரு பக்கமும் சம அளவு வெளிச்சத்தை.
எதை அடைய வேண்டுமோ
அது மங்கலாகவே இருக்கட்டும் என்று விட வேண்டும்.
கை ஆடும். ஆடட்டும்.

விசையில் முதலில் ஒரு தளர்வு, பிறகு ஒரு சுவர்.
லாங்கென்தால் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
நாளுக்கு முந்நூறு தடவை
பிப்பெட்டின் தலையை அழுத்தும் என் கட்டைவிரல்
இதே மாதிரிச் சுவரில்தான் போய் நிற்கிறது.
ஒரு சொட்டு கூடிப்போனால்
யாரோ ஒருவருக்கு இல்லாத வியாதி வந்துவிடும்.
கட்டைவிரலுக்குத் தெரிந்தது
பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை.
சுட்டுவிரல் என்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு!
ஐந்தில் வளையாதது
நாற்பத்து மூன்றில் வளையத்தான் செய்கிறது,
இடப்பக்கம் கீழே இழுத்துக்கொண்டு.

முதலாவது, ஏழு.
இரண்டாவது, ஆறு, இடப்பக்கம் கீழே.
மூன்றாவது
க்ளிக்.

வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் குனிந்தது.
வராத சத்தத்துக்கு என் தோள் வணக்கம் சொல்லிற்று.
கண்ணை மூடியிருந்தேன் என்பது
கண்ணைத் திறந்தபோதுதான் தெரிந்தது.
பெயாட் சிரிக்கவில்லை.
"ஆ" என்றான், சொத்தையைக் கண்ட பல் வைத்தியர் போல.

"உனக்கெதுக்கடி துவக்கு?"
கேட்டது மைத்துனி சுகிர்தமலர்,
பேர்னில் ஒரு சாமத்திய வீட்டில், கட்லட் தட்டோடு.
"அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்?"
அதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்து
கட்லட்டில் உறைப்புக் காணாது என்றேன்.

வாரநாட்களில் வீட்டில், வெறும் துவக்கு.
மூன்று தடவை திறந்து பார்த்த வெறுமை.
மேலே ஓர் ஐந்து ராப்பன் காசு.
காசு விழாமல் விசை விழ வேண்டும்.
முப்பத்தொன்று வரை வந்துவிட்டேன்.
குக்கர் கூவியது.
காசு சோபாவுக்கு அடியில்.
தவழ்ந்துபோய் எடுத்த மகன் ஆதிரையன்
எடுத்தவனுக்கே சொந்தம் என்றான்.
அன்றைக்குப் பருப்பு குழைந்துபோயிற்று.

இப்போது என் முறை. நான் முதுகைத் திருப்பினேன்.
ஐந்தும் சிவப்பு.

ராணுவத்தில் சுட்டவன்,
நான்காம் மாடி ஓட்டில் சீழ்க்கையடித்து நடப்பவன்.
முதல் க்ளிக்கில் அவனுடைய குழலும் குனிந்தது.
கழுத்து சிவந்தது.
இரண்டாவதில், கொஞ்சம்.
மூன்றாவதைச் சரியாகப் பார்க்கவில்லை,
செவிமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.
நான்காவதில் அசைவில்லை.
ஐந்தாவதுக்கு முன்னால்
குழலைக் குறியிலேயே விட்டு, தலையை மட்டும் திருப்பி
என்னைப் பார்த்தான்.
தெரிந்துவிட்டது.
தெரிந்தபிறகும் அழுத்தினான்,
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
கைபேசியை உருவுவது போல.

அதற்குப் பிறகு நான் சுட்ட ஐந்தில்
ஒன்று எனக்குத் தெரியாமல் போனது.
உள்ளங்கைதான் முதலில் கேட்டது, பிறகு காது.
ஒன்பது.
மற்ற நான்கைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நாலு மணிக்குக் குனிந்து கோது பொறுக்கினோம்,
ஐஸ்கிரீம் டப்பாவில், இன்னும் சூடாக.
மாடுகளில் ஒன்று தலையைத் தூக்கி
எங்களையே பார்த்தது,
ஏன் நிறுத்தினீர்கள் என்பது போல.